ஒற்றை ஜிமிக்கிக்கு ஜோடி: பாதி கணினி, பாதி ஊதுகுழல்

பெரியம்மாவின் ஜிமிக்கியில் ஒன்று தொலைந்துவிட்டது. தோடு இரண்டும் பத்திரமாக இருக்கின்றன, தொங்கும் குடைதான் ஒன்று இல்லை. தோட்டுக் கொக்கியும் குடையின் வளையமும் வருடக்கணக்கில் உரசி, வளையம் மெலிந்து அறுந்திருக்கிறது. மிஞ்சிய குடையிலும் அதே இடம் பாதிக்குமேல் தேய்ந்திருந்தது. விசாரித்த கடைகளில் எல்லாம் ஒரே பதில்: பழையதைப் போட்டுவிட்டுப் புது ஜோடி எடுத்துக்கொள்ளுங்கள். பெரியம்மாவுக்கு அதில் இஷ்டமில்லை.

நான் நகைகளுக்குக் கணினியில் மாடல் போடுகிறவன். கோவை செல்வபுரத்தில் பட்டறை வைத்திருக்கும் வயதான ஆசாரி ஒருவரைத் தெரியும். இருவரும் சேர்ந்து ஜோடி செய்து பார்க்கலாம் என்று இறங்கினோம். ஜோடி சேர்ப்பது புது நகை செய்வதைவிடக் கடினம். புதிதில் எது வந்தாலும் அதுதான் டிசைன். இங்கே பக்கத்திலேயே ஒன்று தொங்கிக்கொண்டு ஒப்பிட்டுக் காட்டும்.

முதலில் பொருளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். குடையின் விட்டம் 16 மி.மீ., ஏறக்குறைய அரைக்கோளம். மேலே பன்னிரண்டு இதழ்கள், ஒவ்வொரு இதழின் நுனியிலும் மூன்று ரவை, அதாவது பொடிப்பொடியான தங்க உருண்டை. விளிம்பைச் சுற்றிப் பதினான்கு சிவப்புக் கல் பதித்த பட்டி. பட்டிக்கு மேல் ஒரு வரிசை ரவை, கீழே முத்து. முத்துகளைக் கழற்றி நிறுத்தபோது 4.6 கிராம். கல்லும் அரக்கும் போனால் தங்கம் 4.3 தேறும் என்றார் ஆசாரி, கையில் வைத்துப் பார்த்தபடியே.

தங்க நகையை ஸ்கேன் செய்வது தொல்லை பிடித்த வேலை. பளபளப்பில் ஒளி சிதறி, மாடலில் ஓட்டை ஓட்டையாக விழும். பல் கட்டும் லேப்களில் இருக்கும் நீல ஒளி ஸ்கேனர் இந்த அளவுப் பொருளுக்குப் பொருத்தமானது. தானாக ஆவியாகிவிடும் வெள்ளை ஸ்பிரே ஒன்றை மேலே அடித்து, அங்கேதான் எடுத்தோம். குடையின் வளைவு, பட்டியின் உயரம், இதழ்களின் அகலம் எல்லாம் துல்லியமாக வந்துவிட்டன. ரவை மட்டும் வரவில்லை. ரவைக்கும் ரவைக்கும் நடுவே இருக்கும் இடுக்குக்குள் ஒளி போகாததால், அந்த வரிசை முழுக்கக் கூழாகிப்போன ஜவ்வரிசி மாதிரி ஒட்டிக்கொண்டு தெரிந்தது. கல்லும் அப்படித்தான். ஒளி உள்ளே போய்விடுவதால், மேற்பரப்பு எங்கே என்று ஸ்கேனருக்குத் தெரிவதில்லை.

ஆகவே ஸ்கேனை அப்படியே அச்சிடும் எண்ணத்தை அங்கேயே விட்டாயிற்று. அதை ரைனோ என்ற மாடலிங் மென்பொருளில் அடியில் வைத்துக்கொண்டு, மேலே புதிதாகக் கோடு இழுத்து மாடல் கட்டினேன். ஸ்கேன் ஒரு விஷயத்தைக் காட்டிக்கொடுத்தது: பன்னிரண்டு இதழ்களும் ஒரே அகலம் இல்லை. கண்ணுக்குச் சமமாகத் தெரிந்தாலும், அகலமானதற்கும் குறுகலானதற்கும் நடுவே கால் மி.மீ. வித்தியாசம். கவராயத்தால் பிரித்து, மிச்சத்தைக் கடைசி இதழ்களில் தள்ளிவிட்டிருக்கிறார் அந்தக் காலத்து ஆள். இந்தக் கோணலைக் காப்பியடிக்க வேண்டியதில்லை என்று முடிவு செய்தேன். யாரோ ஒருவரின் கை நழுவலைக் கணினியில் வரைவது நடிப்பாகத்தான் இருக்கும். புதியதற்கு அதன் கோணல் தானாக வந்து சேரும்.

மாடல் முடிந்ததும் எடை பார்த்தேன். வேலை எப்படிப் பிரியும் என்பதைத் தீர்மானித்தது இந்தக் கணக்குதான். 22 காரட் தங்கம் ஒரு கன செ.மீ.க்கு 17.7 கிராம் அளவில் இருக்கும். 16 மி.மீ. அரைக்கோளத்தின் பரப்பு சுமார் 400 சதுர மி.மீ. பழைய குடையின் தகடு கால் மி.மீ. கனம், அப்படியானால் குடை மட்டும் 1.8 கிராம். அதையே ரெசினில் அச்சிட்டு, அதை மாவில் புதைத்து எரித்து, அந்த இடத்தில் தங்கம் ஊற்றி வார்த்தால் 0.6 மி.மீ.க்குக் கீழே போக எனக்குத் தைரியமில்லை. மெல்லிய சுவரில் உலோகம் முழுதும் ஓடிச் சேரும் முன்பே உறைந்துவிடும்; சேர்ந்தாலும் மெருகு போடும்போது கொஞ்சம் அரையும். 0.6-க்குக் குடை மட்டும் 4.2 கிராமைத் தாண்டுகிறது. மற்றதெல்லாம் சேர்ந்தால் 7-ஐ ஒட்டிவிடும். ஒரு காதில் நாலரை, மறு காதில் ஏழு என்று யாரும் போட்டுக்கொள்ள முடியாது. காதும் இழுபடும், பவுன் விலையும் இழுபடும்.

சரி, குடை தகட்டில்தான். பட்டியை மட்டும் அச்சிட்டு வார்ப்பது என்று ஆனது. பட்டியைக் கணினிக்குக் கொடுத்ததற்குக் காரணம் கல். பழையதில் இருப்பவை கையால் தீட்டிய கெம்பு. ஒன்று வட்டம், ஒன்று முட்டை வடிவம், ஒன்று மூலை மழுங்கிய சதுரம். இதற்கு ஈடாக, உடைந்த பழைய பதக்கத்திலிருந்து எடுத்த கற்களைப் பெரியம்மாவே கொடுத்தார். அவையும் அதே ஜாதி, 2.2 முதல் 2.6 மி.மீ. வரை விதவிதமாக இருந்தன. கடையில் கிடைக்கும் ஒரே அளவுக் கல்லாக இருந்தால் ஒரு குழியை வரைந்து பதினான்கு முறை சுற்றிவிட்டு எழுந்து போயிருப்பேன். இங்கே ஒவ்வொரு கல்லையும் காலிப்பரில் இரண்டு பக்கம் அளந்து, எண் போட்டு, தனித்தனிக் குழி வரைந்தேன். பெரிய கல்லுக்குப் பக்கத்தில் சின்னக் கல் வருமாறு வரிசை மாற்றினால், மொத்தச் சுற்றளவான 50 மி.மீ.க்குள் சரியாக உட்கார்ந்தது. கையால் செய்தால் ஒவ்வொரு குழிக்கும் தனித்தனியாகத் தகட்டை வளைத்துப் பற்றவைக்க வேண்டும். அது ஆசாரியால் முடியாததில்லை. ஆனால் கண் புரை ஆபரேஷனுக்குப் பிறகு இந்த மாதிரி வேலையை அவர் எடுப்பதில்லை.

பட்டியை மெழுகு கலந்த ரெசினில், 25 மைக்ரான் அடுக்கில் அச்சிட்டோம். இதில் கவனிக்க வேண்டியது முட்டுக் கொடுக்கும் இடம். ரெசின் தாங்கிக் குச்சிகள் ஒட்டிய இடத்திலெல்லாம் சின்னப் புள்ளி மிஞ்சும். அது வெளிப்பக்கம் விழுந்தால், குழிக்கும் குழிக்கும் நடுவே அரம் நுழையாத இடத்தில் உட்கார்ந்துகொண்டு உயிரை வாங்கும். பட்டியைச் சாய்த்து வைத்து, குச்சி எல்லாம் உட்சுவரில் விழும்படி திருப்பினேன். அச்சிட்ட பின் ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நன்றாகக் கழுவி, காயவைத்து, புற ஊதா விளக்கில் முழுக்க இறுக விட வேண்டும். அரைகுறையாக இறுகிய ரெசின் வார்ப்பு மாவோடு சேர்ந்து வினை செய்து, தங்கத்தின் முகத்தைச் சொரசொரப்பாக்கிவிடும்.

தங்கத்துக்குப் போவதற்கு முன் வெள்ளியில் ஒன்று வார்த்தோம். மாடலை 2 சதவீதம் பெரிதாக்கித்தான் அச்சிட்டிருந்தேன், உலோகம் உறையும்போது சுருங்குமே. வெளியளவு சரியாக வந்தது. குழிகளில் பத்தில் கல் உட்கார்ந்தது, நான்கில் இறங்காமல் பிடித்தது. குழியின் உள்மூலையில் ரெசின் சற்று ததும்பி இறுகுவதால் உள்ளளவு எப்போதும் கொஞ்சம் குறையும். எல்லாக் குழியையும் சுற்றிலும் 0.05 மி.மீ. விரித்தேன். வெள்ளிச் சோதனையின் பலன் இதுதான். அந்த வெள்ளிப் பட்டி இப்போது பட்டறையில் சாவி வளையமாக இருக்கிறது.

அப்புறம் நிறம். இதை நான் முதலில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, ஆசாரிதான் விடாப்பிடியாக இருந்தார். பழைய பவுனுக்கு ஒரு சிவப்பு உண்டு. இன்றைய 916 வார்ப்புக் கலவையில், நன்றாக ஓடுவதற்காகவும் பளபளப்புக்காகவும் துத்தநாகமும் சிலிக்கானும் சேர்க்கிறார்கள். அது கொஞ்சம் வெளிறித் தெரியும். எக்ஸ் கதிரால் உலோகக் கலவையைக் காட்டும் எக்ஸ்ஆர்எஃப் மெஷினில் வைத்துப் பார்த்ததில் பழைய குடை தங்கம் 91.2, செம்பு 6.5, மீதி வெள்ளி என்று காட்டியது. பற்றவைத்த இடங்களில் தங்கம் 84-க்கு இறங்கியது. அந்த மெஷின் மேலே சில மைக்ரான் ஆழம்தான் படிக்கும். பல முறை சூடாக்கிப் புளியில் போட்ட நகையின் மேல்தோலில் செம்பு கரைந்துபோய், மாற்று அதிகமாகத் தெரியவும் வாய்ப்புண்டு. அதனால் ஆசாரி வளையத்தின் உள்ஓரத்தை லேசாக அராவி, உரைகல்லிலும் உரைத்துப் பார்த்தார். இரண்டும் கிட்டத்தட்ட ஒத்துப்போனதும்தான் கலவைக்குச் சம்மதித்தார்: தங்கம் 91.6, மீதியில் பெரும்பங்கு செம்பு, கொஞ்சம் வெள்ளி. துத்தநாகம், சிலிக்கான் எதுவும் இல்லை.

எங்கள் கலவை தனி என்பதால், வார்ப்புக்காரர் அதை மற்றவர்களின் உருப்படிகளை ஒரே தண்டில் ஒட்டி ஒன்றாக வார்க்கும் மெழுகு மரத்தில் ஏற்ற முடியாது. சின்னக் குடுவை ஒன்றில் தனியாகப் போட்டார். ஜிப்சமும் சிலிக்காவும் கலந்த மாவைக் கரைத்து ஊற்றி, வெற்றிடத்தில் குமிழி நீக்கி, அடுப்பில் வைத்து 730 டிகிரி செல்சியஸ் வரை மெல்ல ஏற்றுவார்கள். ரெசின் மெழுகு மாதிரி உருகி ஓடாது. முதலில் விரிந்துதான் எரியும், அவசரப்பட்டால் அச்சு விரிசல் விடும். வெப்பம் அதற்கு ரொம்பவும் மேலே போனால் ஜிப்சம் சிதைந்து கந்தக வாயு விட்டு, தங்கத்தில் நுண்துளை போடும். எங்கள் பட்டி சுத்தமாக வந்தது. ஒரு குழியின் அடியில் மட்டும் ஊசிமுனை அளவுக்கு ஒரு துளை. அது கல்லுக்கு அடியில் போய்விடும்.

இரண்டு கிராம் பட்டிக்கு நாங்கள் கொடுத்த தங்கம் 10 கிராம். உலோகம் தன் பாரத்தோடு உள்ளே இறங்க, தண்டும் அடிக்கட்டியும் வேண்டும். அந்த மிச்சம் திரும்பி வரும். ஆசாரி அதை உருக்கிக் கட்டியாக்கி, உருளையில் கொடுத்துத் தகடாகவும், கம்பியச்சில் இழுத்துக் கம்பியாகவும் மாற்றினார். குடை, ரவை, வளையம் எல்லாம் அதிலிருந்துதான். பட்டியும் குடையும் ஒரே உருக்கு, ஆகவே ஒரே நிறம். சிலிக்கான் சேர்ந்த கலவையாக இருந்திருந்தால் இந்த மிச்சத்தைத் தட்டித் தகடாக்கும்போது வெடிப்பு விடுமோ என்று பயந்திருப்போம்.

குடைக்குத் தகடு வெட்ட என்ன அளவு? அரைக்கோளத்தின் பரப்பையும் வட்டத்தின் பரப்பையும் சமமாக வைத்துக் கணக்குப் போட்டால் விட்டம் 22.6 மி.மீ. வருகிறது. நான் சொல்வதற்குள் ஆசாரி கவராயத்தை 22-ல் வைத்துக் கீறிவிட்டார். "அடிக்க அடிக்க விரியும் கண்ணு, அதுக்கு எடம் வெக்கோணும்ல?" கனத்திலும் அதே விவரம். முடிவில் 0.25 வேண்டும் என்பதால் 0.28-ல் தொடங்கினார். குழிக்கட்டையில் பெரிய குழியிலிருந்து சின்னக் குழிக்கு மாறி மாறித் தட்டினார். தகடு இறுகும்போதெல்லாம் சூடாக்கித் தணித்தார்.

இதழ் பிரிக்க நான் ஒரு தொப்பி அச்சிட்டுக் கொண்டுபோயிருந்தேன்: குடைமேல் கச்சிதமாக உட்காரும், பன்னிரண்டு வெட்டு உள்ள, சாதாரண ரெசின் கூடு. வெட்டுக்குள் கீறுளியை விட்டு இழுத்தால் சமமான பன்னிரண்டு கோடுகள். ஆசாரிக்கு அது பிடித்துவிட்டது. பிரித்து முடித்தபின் குடைக்குள் அரக்கு நிரப்பி, மரக்கட்டையில் ஒட்டி, மழுங்கிய உளியால் கோடுகளைப் பள்ளமாக இறக்கினார். இதழ்களின் நடுப்பகுதி தானாக உப்பி நின்றது. கால் மி.மீ. தகட்டில் கிழியாமல் இதைச் செய்ய எந்த மெஷினை வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அச்சு செய்து அழுத்தலாம். ஆனால் ஒரே ஒரு குடைக்கு அச்சு செய்வது வீண்செலவு.

ரவைக்கு வருகிறேன். முதலில் நான் ரவையையும் மாடலில் சேர்த்து வார்த்துவிடலாம் என்றே யோசனை சொன்னேன். வெள்ளிச் சோதனையில் நாலைந்து ரவையை அப்படி வைத்தும் பார்த்தோம். பூதக்கண்ணாடியில் இரண்டையும் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரிகிறது. கையால் வைத்த ரவை முழு உருண்டை. அடியில் ஒரு புள்ளியில்தான் தகட்டைத் தொடுகிறது. அந்தப் புள்ளியைச் சுற்றி ஒரு கறுத்த நிழல் வளையம் நிற்கிறது. உருண்டையின் உச்சியில் ஒளிப்பொட்டு, அடியில் கறுப்பு. இந்த இரண்டும் சேர்ந்துதான் ரவை வரிசைக்கு அந்த மினுக்கு. வார்த்ததில் உருண்டையின் கழுத்து நிரம்பிப் போயிருக்கிறது. அரை உருண்டையைத் தகட்டில் ஒட்டவைத்ததுபோலத் தெரிகிறது, நிழலே இல்லை. இடுக்குக்குள் மெருகும் போகாது.

ஆகவே ரவை கையால். அளவு 0.8 மி.மீ., எண்ணிக்கை பட்டிக்கு மேலே அறுபது, இதழ் நுனிகளில் முப்பத்தாறு. கிட்டத்தட்ட நூறு உருண்டையும் ஒரே அளவில் இருக்க வேண்டும். ஆசாரி 0.3 மி.மீ. கம்பியை எடுத்து, ஒரு தையல் ஊசியில் நெருக்கமாகச் சுற்றினார். ஊசியின் கனம் 0.9 மி.மீ. சுற்றியதை நீளவாக்கில் வெட்டினால் சின்னச் சின்ன வளையங்களாகக் கொட்டுகின்றன. எல்லாம் ஒரே நீளக் கம்பி. அவற்றைக் கரித்தூளில் ஒன்றோடொன்று தொடாமல் பரப்பி, மேலே இன்னும் கொஞ்சம் கரித்தூள் தூவி, ஊதுகுழலால் சூடேற்றினார். வளையம் சிவக்கிறது, மூடிக்கொள்கிறது, சட்டென்று சுருண்டு உருண்டையாகிறது. உருகிய உலோகத்தின் பரப்பு இழுவிசை தன் வேலையைச் செய்துவிடுகிறது.

நான் வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். வளையத்தின் நடுவிட்டம் 1.2 மி.மீ., கம்பியின் நீளம் 3.77, கன அளவு 0.266 கன மி.மீ. அதை உருண்டையாக்கினால் விட்டம் 0.798. ஊசி எண்ணை அவர் எந்தக் கணக்கும் போடாமல் எடுத்திருந்தார். என்ன அளவு ரவைக்கு எந்தக் கம்பி, எந்த ஊசி என்பது அவருக்குப் பழக்கம். இந்த வேலையில் எனக்குப் பிடித்த விஷயமே இதுதான்: நூறும் ஒன்றுபோல இருக்க வேண்டிய இடத்தில் தையல் ஊசி வேலை செய்தது, பதினான்கும் பதினான்கு விதமாக இருக்க வேண்டிய இடத்தில் கணினி வேலை செய்தது. மெஷின் என்றால் ஒரே மாதிரி, கை என்றால் விதவிதம் என்று நான் பழகியிருந்த கணக்கு இங்கே தலைகீழ்.

ரவையை ஒட்டவைக்கக் குந்துமணியை உரைத்த பசை. தூரிகை நுனியால் தொட்டு ஒவ்வொன்றாக வைத்தார். பசை எரிந்து போகும், பற்றவைக்கும் பொடி உருகி ரவையைப் பிடித்துக்கொள்ளும். குந்துமணி உள்ளே போனால் கொடிய நஞ்சு, வீட்டில் குழந்தைகள் இருந்தால் இந்தப் பசையைத் தொடவே வேண்டாம். பொடி காட்மியம் இல்லாதது. முன்பு கேடிஎம் என்ற பெயரில் எல்லாப் பட்டறையிலும் புழங்கிய காட்மியத்தின் புகை நுரையீரலைக் கெடுப்பது, அவர் அதைக் கைவிட்டுப் பல வருடமாகிறது. பொடியையும் வெங்காரத்தையும் சேர்த்துத் தூவி, சுடரைத் தூரத்தில் வைத்து மொத்தக் குடையையும் சூடாக்கினார். ரவை மேல் நேராகக் காட்டினால் தங்கம் இளகி, உருண்டை தகட்டுக்குள் அமிழ்ந்துவிடும்.

எனக்கு அதிகம் பயம் தந்தது குடையையும் பட்டியையும் சேர்க்கும் கட்டம். மேலே 0.25 தகடு, கீழே 0.6 வார்ப்பு. ஒரே சூட்டில் மெல்லியது முந்திக்கொள்ளும். ஆசாரி குடையைக் கவிழ்த்து வைத்து, பட்டியின் உட்சுவரில் மட்டுமே சுடரைப் பாய்ச்சினார். பட்டி சிவந்து, அதன் சூடு தகட்டுக்கு ஏறி, பொடி ஒரு சுற்று பளிச்சென்று ஓடியது. முன்பே பிடித்த ரவை நெகிழாமலிருக்க, அதைவிடக் குறைந்த சூட்டில் உருகும் பொடி இதற்கு.

பிறகு புளித்தண்ணீரில் கொதி, பூந்திக்கொட்டையும் பித்தளைத் தூரிகையும். மெருகில் மட்டும் சின்ன வாக்குவாதம். சக்கரத்தில் பிடித்தால் இதழின் மேடும் ரவையின் உச்சியும் மழுங்கும் என்று அவர். நான் நண்பரின் காந்த டம்ளரைச் சொன்னேன்: சோப்புத் தண்ணீரில் மெல்லிய எஃகு ஊசிகள் சுழலும், இடுக்கெல்லாம் நுழையும், உலோகத்தை அரைக்காது. சந்தேகத்தோடுதான் கொடுத்தார். வந்ததைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, இதழ் மேடுகளை மட்டும் அகேட் கல்லால் அழுத்தித் தேய்த்துக்கொண்டார்.

கல் பதிப்பதைக் கடைசியில் வைத்தோம், அரக்கு சூடு தாங்காது. ஒவ்வொரு குழியிலும் அரக்கு, அதன்மேல் மினுங்கும் மெல்லிய தகடான ரேக்கு, அதன்மேல் எண்படி கல். பிறகு குழியின் உதட்டைக் கல்லின்மேல் தள்ளி மூடுவது. நாகர்கோவில் வடசேரியில் செய்யும் கோயில் நகைகளில் வெள்ளிமேல் தங்க ரேக்கை அழுத்திக் கெம்பை மூடும் வேலை இதற்குப் பங்காளி முறைதான். அதற்குப் புவிசார் குறியீடும் உண்டு. அடைத்த பதிப்பில் கல்லுக்குப் பின்னாலிருந்து ஒளி வராது, ரேக்குதான் சிவப்பைத் தூக்கிக் கொடுக்கும். எண் போட்டது நல்லதாயிற்று, ஏழும் பதினொன்றும் இடம் மாறியிருந்தால் இரண்டுமே உட்கார்ந்திருக்காது.

புதிய குடை கல்லோடு 4.9 கிராம். பழையதைவிட 0.3 கூடுதல், வார்த்த பட்டியின் சுவர்தான் காரணம். பெரியம்மாவுக்குக் காதில் வித்தியாசம் தெரியவில்லை. நிறம் புதிதென்பதால் கொஞ்சம் துலக்கமாக இருக்கிறது, புழங்கப் புழங்க இறங்கும்.

இரண்டு குடைக்கும் வளையத்தை 1 மி.மீ. கம்பியில் மாற்றினோம். தோட்டுக் கொக்கிகளின் உட்பக்கமும் தேய்ந்துதான் இருந்தது, அதையும் பொடி வைத்து நிரப்பி அராவியாயிற்று. முத்துகளை நூலில் கோக்காமல் தங்கக் கம்பியில் ஒவ்வொன்றாக முடிச்சிட்டோம். கணினியில் நான் வைத்திருக்கும் கோப்பில் பட்டியும் தொப்பிக் கூடும் மட்டும் இருக்கின்றன. இதே ஜிமிக்கி வேண்டும் என்று பெரியம்மாவின் மருமகள் கேட்கிறாள். அவளிடம் முதலில் கற்களைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன், அளந்த பிறகுதான் பட்டியை வரைய முடியும்.